எல்லாரும் பார்த்து எழுதும்போது, எழுதாதவர் ஏமாளியா?

இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். தனி ஊசல் சோதனைக்குத் தாம் எழுதிய ரெக்கார்டை (ஆய்வகப் பதிவேட்டை), ஃபிரெண்டு கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடியாமல் தோழிக்குக் கொடுத்ததாகவும், தோழி அதை வரிக்கு வரி எழுதிவிட்டதால் இருவருக்கும் விசாரணைக் கடிதம் வந்திருப்பதாகவும் சொல்கிறார். "காப்பி அடித்தவள் அவள், கொடுத்தது மட்டும்தான் நான், அது எப்படிக் குற்றமாகும்?" என்பது முதல் கேள்வி. வகுப்பில் பாதிப்பேர் பார்த்து எழுதியே அதிக மதிப்பெண் வாங்கும்போது ஒழுங்காகப் படிப்பவர்கள் ஏமாளிகளா என்பது இரண்டாவது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குவதும் காப்பியில் சேருமா என்பது மூன்றாவது. கல்லூரி ஆசிரியராகவும், பல ஆண்டுகள் இத்தகைய விசாரணைக் குழுக்களில் உறுப்பினராகவும் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அவசரமானது முதல் கேள்வி என்பதால் அதிலிருந்து தொடங்குவோம். நீங்கள் எழுதியிருக்கும் விவரம் சுவையானது. நூறு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருபது அலைவுகளின் (ஊசல் ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) நேரத்தை மூன்று முறை அளந்திருக்கிறீர்கள்: 40.1, 40.2, 38.1 வினாடிகள். மூன்றாவது முறை ஓர் அலைவைக் குறைத்து எண்ணிவிட்டோம் என்று புரிந்து, 38.1-ஐ அடித்துவிட்டு, மறுபடி அளந்து 40.2 என்று மேலே எழுதி, சராசரியை 40.17 என்று போட்டிருக்கிறீர்கள். தோழியின் ரெக்கார்டில் மூன்றாவது அளவீடு 38.1 என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக இருக்கிறது. சராசரி மட்டும் 40.17 என்றே இருக்கிறது. 38.1-ஐ வைத்துக் கூட்டி வகுத்தால் 39.47 தான் வரும். ஆசிரியர் எந்த மென்பொருளையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பார்த்து எழுதியது யார், யாரைப் பார்த்து எழுதினார் என்ற இரண்டையும் அந்த ஒரு கூட்டலே காட்டிக்கொடுத்துவிட்டது. சொந்தமாகச் செய்தவரின் தாளில் தடுமாற்றத்தின் தடம் இருக்கும் என்பதும், பார்த்து எழுதுபவர் முதலில் விட்டுவிடுவது அந்தத் தடத்தைத்தான் என்பதும் ஆய்வக ஆசிரியர்கள் எல்லாருக்கும் பழகிய விஷயம்.

ஆனால் கொடுத்தவர் ஏன் கூண்டில் நிற்க வேண்டும்? பெரும்பாலான கல்லூரிகளின் விதிமுறைகளில் உதவி பெறுவதும் உதவி செய்வதும் ஒரே பிரிவின் கீழ்தான் வருகின்றன. காரணம் எளிமையானது. மதிப்பெண் என்பதை நாம் உழைப்புக்குக் கிடைக்கும் கூலியாக நினைத்துப் பழகிவிட்டோம். நடைமுறையில் அது ஒரு சாட்சியம். இந்த நபர் இந்தச் சோதனையைத் தாமே செய்து புரிந்துகொண்டார் என்று, உங்களையும் தோழியையும் நேரில் அறியாத மூன்றாம் நபருக்குக் கல்லூரி எழுதித் தரும் சாட்சியம். உங்கள் அளவீடுகள் தோழியின் பெயரில் போகும்போது, அந்தச் சாட்சியம் பொய்யாவதற்கான பொருளைத் தந்தவர் நீங்கள். கடன் கொடுத்ததைப் போல இதைப் பார்க்க முடியாது; கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளை நீட்டியதைப் போலத்தான் பார்ப்பார்கள்.

அதற்காக இருவர் செய்ததும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை. "எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டு வாங்கியவரிடம் நம்பிக் கொடுப்பதற்கும், எழுதிக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று தெரிந்தே கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. விவரம் தெரிந்த குழு அந்த வேறுபாட்டைக் கேட்டறிந்து பார்க்கும். எந்த நாளில், எந்தச் சொற்களில் கேட்டார், நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். தோழியைக் காப்பாற்றுவதற்காக "இருவரும் சேர்ந்துதான் அளந்தோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சோதனை நடந்த நாளின் வருகைப் பதிவேட்டையோ ஆய்வகக் குறிப்பேட்டையோ புரட்டியதும் அது உதிர்ந்துவிடும். ரெக்கார்டைக் கொடுத்த சிறு தவறுக்கு எச்சரிக்கையோடு போயிருக்க வேண்டியவர்கள், குழுவின் முன்னால் பொய் சொன்ன பெரிய தவறுக்காகப் பாடத்தையே மறுபடி எழுத நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. "எல்லாரும்" என்ற சொல்லை முதலில் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 1964-இல் வில்லியம் பவர்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் 99 கல்லூரிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு எழுதிய அறிக்கைதான் இத்துறையின் முதல் பெரிய கணக்கெடுப்பு. ஏதாவது ஒரு வகையில் ஒரு முறையாவது நேர்மை தவறியதாக ஒப்புக்கொண்டவர்கள் அப்போதே பாதிக்கு மேல். ஆகவே, அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள், கைப்பேசி வந்துதான் கெட்டார்கள் என்று பேசும் என் சக ஆசிரியர்களின் வாதத்தை நான் ஏற்பதில்லை. அதே சமயம், ஒரு முறை அடுத்தவர் தாளை எட்டிப் பார்த்தவரும், பருவம் முழுவதும் பார்த்து எழுதியே தேறுபவரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. "பாதிப்பேர்" என்று நீங்கள் சொல்லும் பாதியில் வழக்கமாகச் செய்பவர்கள் எத்தனை பேர், ஒரு நெருக்கடியில் வழுக்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த எண்ணிப் பார்க்காத "எல்லாரும்"தான் மிக ஆபத்தானது. டொனால்ட் மெக்கேப், லிண்டா ட்ரெவினோ என்ற இருவர் 31 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வை 1993-இல் வெளியிட்டார்கள். தண்டனை எவ்வளவு கடுமை, பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு என்பனவற்றையெல்லாம் விட, சக மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருவர் நம்புகிறாரோ அதுவே அவருடைய நடத்தையோடு மிக நெருக்கமாக இணைந்திருந்தது. செய்பவர் ரகசியமாகச் செய்வதில்லை, சிரித்துக்கொண்டே சொல்லித் திரிகிறார். செய்யாதவரோ தாம் செய்யவில்லை என்பதை யாரிடமும் சொல்வதில்லை. ஊரே அப்படித்தான் என்ற எண்ணம் இப்படித்தான் உண்மையான எண்ணிக்கையைத் தாண்டி வீங்குகிறது. பிறகு அந்த எண்ணமே புதிதாகச் சிலரை உள்ளே இழுக்கிறது.

இதற்கும் முந்தைய ஒரு கண்டுபிடிப்பு இன்னும் சங்கடமானது. ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளுக்குப் பொய் சொல்லவும் ஏமாற்றவும் வாய்ப்புள்ள பலவிதச் சோதனைகளை வைத்து 1928-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழந்தைகள் நேர்மையானவர்கள், நேர்மையற்றவர்கள் என்று இரண்டு கூட்டமாகப் பிரியவில்லை. கணக்கில் ஏமாற்றிய குழந்தை விளையாட்டில் ஏமாற்றவில்லை; அங்கே ஏமாற்றிய குழந்தை இங்கே சுத்தமாக இருந்தது. இடமும் சூழலும் அவ்வளவு தீர்மானித்தன. விசாரணை அறையில் என் எதிரே உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். தமக்குப் பிடித்த பாடத்தில் இரவெல்லாம் கண்விழித்துச் சொந்தமாகப் புராஜெக்ட் செய்த அதே மாணவர், கட்டாயப் பாடம் என்று நினைத்த ஒன்றில் இணையத்திலிருந்து நான்கு பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்.

அவர்கள் சொல்லும் காரணங்களுக்கும் ஓர் அமைப்பு உண்டு. 1957-இல் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற சமூகவியலாளர்கள், சட்டத்தை மீறும் சிறுவர்கள் தங்கள் மனசாட்சியை எப்படிச் சமாதானப்படுத்துகிறார்கள் என்று ஐந்து வழிகளை அடையாளம் கண்டார்கள். பொறுப்பை மறுப்பது, சேதத்தை மறுப்பது, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குவது, கண்டிப்பவர்களைக் கண்டிப்பது, தம் கூட்டத்துக்கான விசுவாசத்தை மேலே வைப்பது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அச்சு மாறாமல் பொருந்தியது. "ஒரே வாரத்தில் நாலு அசைன்மென்ட் சார், வேற வழியில்ல." "இதனால யாருக்கு என்ன நஷ்டம்?" "அவர் பாடமே நடத்தலையே." "அவங்களே பத்து வருஷமா ஒரே நோட்ஸைத்தானே வாசிக்கிறாங்க." "ஃபிரெண்டு கேட்கும்போது எப்படி இல்லைன்னு சொல்றது?" கடைசி வாக்கியம் உங்களுடையது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இவற்றில் சில உண்மையும்கூட, சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக ஒரே வினாத்தாளை மாற்றிப் போடாமல் கொடுக்கும் ஆசிரியரும், முப்பது ரெக்கார்டுகளைப் படிக்காமலே கையெழுத்திடும் ஆசிரியரும் பார்த்து எழுதுவதற்கு அழைப்பிதழ் வைத்தவர்கள்தாம். மாணவர்களை மட்டும் திட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆயினும் ஆசிரியரின் சோம்பலை ஆசிரியரோடு பேசித் தீர்க்கலாம், துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம்; அதை அடுத்தவர் எண்களை நம் பெயரில் எழுதுவதற்கான உரிமமாக எடுத்துக்கொள்ளும்போது, பழி ஆசிரியர் மேலும் ஓட்டை நம் அறிவிலுமாக நின்றுவிடுகிறது.

விதியே தெளிவாக இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. அரசியல் பாடம் ஒன்றில் வீட்டிலிருந்து எழுதும் இறுதித் தேர்வு. புத்தகம், குறிப்புகள், இணையம் எல்லாவற்றையும் பார்க்கலாம், ஆனால் மற்றவர்களோடு பேசக் கூடாது என்பது நிபந்தனை. ஏறத்தாழ 125 பேரின் விடைத்தாள்கள் சந்தேகத்துக்குள்ளாயின. எழுபது பேர் அளவில் தற்காலிகமாகப் படிப்பை விட்டு விலக நேர்ந்தது. எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு ஒரே ஒரு சன்னலை மட்டும் மூடச் சொன்னால், எது மூடியிருக்கிறது என்பதில் குழப்பம் வரத்தான் செய்யும். அதனால், சேர்ந்து செய்யலாமா என்ற ஐயம் வந்தால் நீங்களே ஊகித்துக்கொள்ளாமல் ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பொதுவாக, சேர்ந்து பேசலாம், சேர்ந்து புரிந்துகொள்ளலாம், எழுதும்போது தனித்தனியாக எழுத வேண்டும் என்பதே பெரும்பாலான பாடங்களில் எதிர்பார்க்கப்படுவது. தோழிக்கு ரெக்கார்டைத் தராமல் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் இருபது அலைவுகளை எண்ணுகிறோம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் யாரும் உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

நேர்மையாக எழுதுவேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நிர்வாகங்கள் நம்புவதுண்டு. 1893-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறையை உதாரணம் காட்டுவார்கள். அங்கே கண்காணிப்பாளர் இல்லாமல் தேர்வு நடத்துவதும், மீறியவர்களை மாணவர் குழுவே விசாரிப்பதுமாக நெடுங்காலம் அந்த மரபு நடந்தது. அது நிலைத்தது கையெழுத்தினால் அன்று, மாணவர்கள் அதைத் தங்கள் சொத்தாக நினைத்ததால். இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். படிவத்தின் கீழே கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக மேலேயே வாங்கிவிட்டால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாகி உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதிலிருந்த தரவுகளில் ஒரு பகுதி இட்டுக்கட்டப்பட்டது என்று தெரியவர, 2021-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்விலேயே கள்ளத் தரவு. பார்த்து எழுதும் பழக்கம் பட்டத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவது.

காசு கொடுத்து எழுதி வாங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. நியூசிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகியவை இப்படி எழுதி விற்பதையே சட்டப்படி குற்றமாக்கியிருக்கின்றன. விற்றவர்கள் பிறகு "உங்கள் கல்லூரிக்குச் சொல்லிவிடுவோம்" என்று மிரட்டிப் பணம் பறித்த வழக்குகள் உண்டு. வாங்கியவர் புகார் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, எது சொந்த எழுத்து என்ற கேள்விக்கு எங்களிடமே ஒருமித்த பதில் இல்லை. ஒரே கல்லூரியில் ஓர் ஆசிரியர் தடுக்கிறார், இன்னோர் ஆசிரியர் பயன்படுத்தச் சொல்கிறார். நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த அசைன்மென்ட் எந்தத் தசையை வளர்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். அந்தத் தசை செய்ய வேண்டிய வேலையைக் கருவி செய்தால் அது காப்பி. வேறு வேலையைச் செய்தால் உதவி. ஊசல் சோதனையில் கூட்டி வகுப்பதற்குக் கால்குலேட்டர் எடுப்பதில் தவறில்லை. ஆனால் "பிழைகளின் மூலங்கள்" என்ற பகுதியை இயந்திரத்திடம் எழுதி வாங்கினால், காற்றின் தடை, கோணத்தின் அளவு என்று பொதுவான நான்கு வரி வரும். நீங்கள் ஓர் அலைவைக் குறைத்து எண்ணியது அதற்குத் தெரியாது. அந்தச் சோதனையில் நீங்கள் உண்மையாகக் கற்றது அது ஒன்றுதான்.

கற்றல் என்பதே இந்தத் தடுமாற்றத்தில்தான் நடக்கிறது என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பார்த்து எழுதும்போது "இது எனக்குத் தெரியும்" என்ற உணர்வு கிடைத்துவிடுகிறது, தெரியாத இடம் எது என்ற தகவல் மட்டும் கிடைப்பதில்லை. ஒரு முறை கணினி நிரல் ஒன்றைக் காப்பி அடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட மாணவரிடம், பதினோராவது வரியைக் காட்டி, "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது பயம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தமக்கு அது தெரியாது என்பதை அவரே அந்த நொடியில்தான் கண்டுபிடித்திருந்தார்.

இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள்; சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகக் குறித்தன. எளிய சொற்களில் எச்சரிக்கையாக எழுதும் இரண்டாம் மொழிக்காரரின் நடை அவற்றுக்கு இயந்திரத்தின் நடையாகத் தோன்றுகிறது. ஆகவே ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் நம்மைப் போன்றவர்கள் முதல் வரைவு, குறிப்புகள், கோப்பின் திருத்த வரலாறு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை அசைன்மென்ட்டின் அடியில் ஒரு வரியில் நீங்களே எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஏமாளியா என்ற கேள்விக்கு நேரான பதிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். குறுகிய காலத்தில் நீங்கள் இழப்பது உண்மைதான். ஒப்பிட்டுத் தரவரிசை போடும் இடத்தில், பார்த்து எழுதி 90 வாங்குபவர் சொந்தமாக எழுதி 78 வாங்குபவரைக் கீழே தள்ளுகிறார், அது உங்கள் கற்பனை இல்லை. நேர்மை எப்போதும் லாபம் தரும் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அந்த அநீதியைக் குறைப்பதற்கு யாரையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு ஊசல் நீளம் கொடுங்கள், ரெக்கார்டுக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம். நான் பாடம் நடத்திய காலத்தில் இப்படி ஒரு குழு வந்து கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அதுவரை எல்லாருக்கும் ஒரே நீளத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்குப் போகும்போது ஆய்வகத்தில் கையால் எழுதிய குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள், ரெக்கார்டு மட்டும் போதாது. 38.1-ஐ ஏன் அடித்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அதே கேள்வியைத் தோழியிடமும் கேட்பார்கள். முடிந்தால் அதற்கு முந்தைய நாள் அவரோடு ஊசலின் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். விடையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கடிகாரத்தை அவர் கையில் கொடுத்து, இருபது அலைவுகளை அவரையே எண்ணச் சொல்லுங்கள்.